இட்லி தின்ற பாசி

மண்ணிலோ நீரிலோ முளைக்கிற எதுவாக இருந்தாலும் மூன்றே நாளில் அதன் பெயரைச் சொல்லிவிட முடியும், அதற்கு ஒரு பிளேடு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு புத்தகம் இவ்வளவுதான் வேண்டும், நாக்கு வேண்டவே வேண்டாம் என்று கிட்டு தன் அக்கா வீட்டுக் கூடத்தில் நின்று அறிவித்தான். அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. தாவரவியல் பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிறவன் சிரிக்க அங்கே என்ன இருக்கிறது?

"செடியை நாக்கால அடையாளம் கண்டுபிடிக்கறது மாடு. அதுக்கு யாரும் டிகிரி குடுக்கறதில்லை" என்று முடித்தான்.

இந்தப் பிரகடனம் ஷேக் பரீதை நோக்கிச் செய்யப்பட்டது. அவர் அப்போதுதான் இரண்டு டின் கடல் தண்ணீரை மாட்டுங்கா வீட்டின் இரண்டு மாடி ஏற்றி வைத்துவிட்டு, வாசல் நிலையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர். தாராவியில் தோல்பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய மச்சான் லாஞ்சில் வேலை பார்த்தார்; துறைமுகத்து அழுக்கைத் தாண்டிப் போய் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீராக மொண்டு வருவார். அதைப் பரீத் டாக்சியில் கொண்டுவந்து கொடுப்பார். கிட்டுவின் அத்திம்பேர் பஞ்சநதம் எப்போதோ பெட்டி வாங்கப் போய் ஏற்பட்ட சிநேகிதம்.

தண்ணீர், தொட்டிக்கு. மூன்றடி நீளம், ஒன்றரையடி உயரம், இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி கூடத்து ஜன்னலை ஒட்டி நின்றது. உள்ளே பாந்த்ராவில் கடல் உள்வாங்கிய நேரத்தில் பொறுக்கிய பாறைத் துண்டுகள், விரல் நீளத்தில் இரண்டு பழுப்பு மீன், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கடல் சாமந்தி. பஞ்சநதம் ஒரு கம்பெனியின் தபால் பிரிவில் பதினாலு வருஷமாக மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தொட்டி ஒன்றுதான் அவராக ஆரம்பித்த காரியம். ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் முக்காலியைப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்காருவார். சாமந்தி விரியும். ஏழு மணிக்கு எழுந்து கை கால் கழுவப் போவார். அந்த முக்கால் மணி நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்டு வைப்பதில்லை.

அவர் மனைவி, கிட்டுவின் அக்கா பாகீரதி, தொட்டிக்குச் சம்மதித்தது சில நிபந்தனைகளோடு. உயிரோடு இருக்கிறவரை மீன் விருந்தாளி. செத்தால் அந்த நிமிஷமே வெளியே போக வேண்டும். இரண்டாவது, இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிற யாருக்கும் புழு, பூச்சி, இறால் பொடி என்று எதுவும் சாப்பாடாக வரக்கூடாது. ஆகவே அந்த மீன்கள் காலையில் இட்லி சாப்பிட்டன. சாயங்காலம் மசித்த கீரை. ஆறு மாதமாகச் சைவம். திருட்டுத்தனமாக வெளியில் சாப்பிட வழியில்லாததால் கிட்டுவைவிட ஆசாரமாகவே இருந்தன.

இட்லியில் மீன் தின்றது பாதி. மீதி கரைந்தது. கரைந்ததை யார் தின்றார்கள் என்பது ஆடி மாதத்தில் தெரிந்தது. பின்பக்கப் பாறையிலிருந்து சிவப்பாக என்னவோ கிளைவிட்டு வந்தது. முதலில் நூல்போல இருந்தது. பிறகு சணல் கயிறு மாதிரி ஆயிற்று. ஆவணி பிறந்தபோது பாறையே தெரியவில்லை. வழவழப்பாக, ரப்பர் மாதிரி, நரம்பும் சதையுமாய்க் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

பாகீரதிக்கு அது மாமிசமாகப்பட்டது. வெள்ளிக்கிழமை அவள் மாமனாருக்குத் திவசம். அதே கூடத்தில் பிராமணர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேரும் ஜாதியும் தெரியாத ஒன்று ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருக்கத் திவசம் நடக்காது என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டாள். அது செடிதான் என்று யாராவது நிரூபித்தால் தொட்டி இருக்கலாம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்சி வரும், எல்லாம் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். பஞ்சநதம் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பரீத் டின்னை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்து, எங்க பக்கத்துக் கஞ்சிப்பாசி மாதிரி இருக்குதே, ஒரு துண்டு கடிச்சுப் பாத்தா தெரிஞ்சு போயிருமே என்றார். கிட்டுவின் பிரகடனம் அதற்குப் பதில்.

பரீத் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி தம்பி, நீங்க புஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க" என்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கல்யாணில் அப்பா அம்மாவோடு இருந்தால் தினம் ரயிலிலேயே படிப்பு முடிந்துவிடும் என்று கிட்டுவை அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். இரண்டு வருஷச் சாப்பாட்டுக்கு ஈடாக இதுவரை அவன் செய்தது காப்பிப்பொடி வாங்கி வந்தது மட்டும்தான். அத்திம்பேரின் தொட்டியைக் காப்பாற்றிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தான். மூன்று நாள்கூடத் தேவைப்படாது என்றும் நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை அத்திம்பேரின் சவர பிளேடை எடுத்துக்கொண்டான். பாசியில் ஒரு கிளையைக் கத்தரித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கல்லூரிக்கு எடுத்துப் போனான். பிடிமானத்துக்காகக் காரட்டைப் பிளந்து நடுவில் அதை வைத்துத் தாள் மாதிரிச் சீவினான். மைக்ராஸ்கோப்பில் அறை அறையாக, கட்டுக் கட்டாக, சுவரோடு சுவர் ஒட்டிய செல்கள். தாவரம்தான். சந்தேகமே இல்லை. சிவப்புப் பாசி வகை. சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீடுவரை ஓட்டமும் நடையுமாக வந்தான்.

அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே விசாரணையை ஆரம்பித்தாள்.

"இலை இருக்கா?"

"இலைன்னு தனியா கிடையாது."

"வேர்?"

"வேர் மாதிரி ஒண்ணு. உறிஞ்சாது. பிடிச்சுக்கும், அவ்வளவுதான்."

"பூக்குமா? விதை போடுமா?"

"பூக்காது. விதையும் கிடையாது."

"பச்சையா இருக்கா?"

"சிவப்பு."

"இலை இல்லை, வேர் இல்லை, பூ இல்லை, காய் இல்லை, பச்சை இல்லை. அப்புறம் எதை வெச்சுடா செடிங்கறே?"

கிட்டு, செல்களைப் பற்றிச் சொன்னான். அதில் உயிரில்லையா என்றாள். இருக்கிறது என்றான். அசைகிறதா என்றாள். அது அசையவில்லை, அதன் நடுவில் அரிசிக் குருணை அளவில் ஒரு பூச்சிதான் பக்கவாட்டில் ஓடியது என்று, விஞ்ஞானிக்கு உரிய நேர்மையோடு சொன்னான். பாகீரதி அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். பஞ்சநதம் அவனைப் பார்த்த பார்வையில், உன்னை யார் இதையெல்லாம் கேட்டார்கள் என்று எழுதியிருந்தது.

உள்ளபடியே சொன்னால், கிட்டுவின் சங்கடம் இன்னும் பெரியது. அந்தத் தொட்டியில் பாகீரதி மனசாரப் பிரியம் வைத்திருந்த ஒரே வஸ்து கடல் சாமந்தி. அது பூ என்று பஞ்சநதம் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆடி வெள்ளிகளில் தொட்டிக்கு முன்னால் ஓர் ஊதுபத்தி ஏற்றி வைத்தாள். பக்கத்துப் போர்ஷன் மாமியைக் கூட்டிவந்து, ஆறு மாசமா வாடாத சாமந்தி என்று காட்டினாள். அது பூ இல்லை. வாய் உள்ள, வயிறு உள்ள, கிடைத்தால் இறாலை முழுசாக விழுங்குகிற பிராணி. இதைத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு பேர். பிராணியைப் பூ என்று ஒப்புக்கொண்டவளிடம் பாசியைச் செடி என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கிற வேகத்தில் பூவைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைகூட ஆகாது, அன்றைக்கே டாக்சி. எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவன் பாதிப் பெயரை விழுங்கிக்கொண்டு நடமாடினான்.

பேர் என்ன, அதைச் சொல்லு, அப்புறம் பார்க்கலாம் என்றாள் பாகீரதி.

புதன்கிழமை முழுக்கப் புத்தகம். புத்தகம் கேள்வி கேட்டு வழி காட்டும் ஜாதி. கிளையில் முடிச்சு உருண்டையாக இருந்தால் நூற்றுப் பதினாலாம் பக்கம் போ. நீளமாக இருந்தால் நூற்றிருபதாம் பக்கம் போ. இவன் பாசியில் முடிச்சே இல்லை. முடிச்சு இல்லாதவன் எங்கே போவது என்று புத்தகம் சொல்லவில்லை. கல்லூரி அலமாரியில் காய்ந்த மாதிரிகள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி, வெற்றிலை மென்று துப்பிய கறையாகக் காகிதத்தில் ஒட்டியிருந்தன. புரொபஸர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இது இனப்பெருக்கம் செய்யும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டான். மாசி மாதவாக்கில் வந்து பார்க்கச் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஞ்சநதம் ஆபீஸிலிருந்து வந்து முக்காலியில் உட்காரவில்லை. தொட்டியில் கைவிட்டு ஒரு கொத்து பிய்த்து டிபன் டப்பாவில் போட்டார்.

"வாடா, பரீத் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்."

"மாடு சமாசாரமா அத்திம்பேர்?"

"ஆமாம். நீயும் வா. மாசி மாசம் வரைக்கும் உனக்கு வேற வேலை இல்லையே."

அத்திம்பேர் அவனைக் குத்திப் பேசியது இரண்டு வருஷத்தில் அதுவே முதல் தடவை.

தாராவியில் பட்டறைக்கு மேலேதான் பரீத் குடியிருந்தார். கீழே பசையும் தோலும் மணத்தன. ஏணிப்படி ஏறினால் தாளித்த வாசனை. பரீத் இவர்களைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு டப்பாவை உள்ளே அனுப்பினார். அவருடைய மனைவி ஷரீஃபுன்னிசா டப்பாவோடு வெளியே வந்து, விளக்கடியில் நின்று, ஒரு கிளையை எடுத்து வளைத்துப் பார்த்தாள். பிறகு முன்பல்லால் கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. கிட்டு கூரையைப் பார்த்துக்கொண்டான்.

"கஞ்சிப்பாசிதான்" என்றாள் கணவரிடம். பிறகு பஞ்சநதத்தைப் பார்த்து, "எங்க ஊர்ல இது வெளிறி, ஒல்லியாக் கெடக்கும். இது என்னண்ணே இப்படிக் கொழுத்துக் கெடக்கு? என்ன போட்டு வளக்குறிய?"

"இட்லி" என்றார் பஞ்சநதம்.

ஷரீஃபுன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அடக்கிக்கொண்ட பிறகு விவரம் சொன்னாள். கல்யாணம் ஆவதற்கு முன் அவளும் தங்கைகளும் முழங்கால் தண்ணீரில் நின்று கோணி கோணியாக இதைப் பறித்திருக்கிறார்கள். அலசிக் காயவைத்து, காய்ச்சி வடித்தால் கஞ்சி. ஆறவைத்தால் உறையும். இதே ஜாடையில் இன்னும் மூன்று வகை உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், கடித்தால்தான் பிரியும். ஒன்று நார், ஒன்று கசப்பு, ஒன்று பல்லில் மண் மாதிரி நெறநெறக்கும். இது மட்டும் நறுக்கென்று உடையும்.

இந்த நாலு வகையையும் தன் புத்தகம் இரண்டு பக்கத்தில் குழப்பியிருந்தது என்பது கிட்டுவுக்குத் தெரியும். அதை அவன் சொல்லவில்லை.

"தம்பியும் ஒண்ணு கடிச்சுப் பாருங்க" என்று பரீத் டப்பாவை நீட்டினார்.

"வேண்டாம். எனக்கு டிகிரி வாங்கணும்" என்றான் கிட்டு.

வீடு திரும்பியதும் பஞ்சநதம் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். பதினாலு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பாகீரதி பொறுமையாகவே கேட்டாள். சமைத்த கை சொன்னால் அதில் நியாயம் இருக்கும், புத்தகத்தைவிட எவ்வளவோ மேல் என்றாள். பஞ்சநதத்தின் முகம் மலர்ந்தது. அதற்குள் அடுத்ததைச் சொன்னாள்.

"ஆனா அவா மாமிசமும் சாப்பிடறவா. அவா நாக்குக்கு ரெண்டும் பழக்கம். அவா சாப்பிட்டாங்கறதாலேயே செடின்னு ஆயிடுமா? மாமிசமே தொடாத நாக்குன்னா, பட்ட உடனே வயத்தைப் புரட்டிண்டு வந்துடும். அப்படி ஒரு நாக்கு சொல்லட்டும். நான் ஒத்துக்கறேன்."

கிட்டுவுக்கே இந்தத் தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை. அப்படி ஒரு நாக்கைத் தேடினார்கள். பஞ்சநதத்தின் நாக்கு பரிசுத்தம். ஆனால் நாளைக்குத் திவசம் செய்கிறவர், இன்று ராத்திரி பட்டினி, கண்டதை வாயில் போட முடியாது. பாகீரதியின் நாக்கும் பரிசுத்தம். அவள் நாளை மடியாகச் சமைக்க வேண்டும். திவசச் சமையலில் உப்புக்கூட ருசி பார்க்கக் கூடாது. மிச்சம் இருந்தது ஒரே நாக்கு.

"நீதான் பாரேண்டா" என்றாள்.

"முடியாது. நாக்கு விஞ்ஞானக் கருவி இல்லைக்கா. திங்கட்கிழமையே சொல்லிட்டேன்."

"திங்கட்கிழமை மூணு நாள்னும் சொன்னே."

அவனுக்கு வேறொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்வதற்கில்லை. மாஹிம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த இரானி ஹோட்டலில் அந்த நாக்கு இதுவரை பதினோரு ஆம்லெட்டும், ஒரு தடவை, சிநேகிதன் தட்டிலிருந்து, கீமா, அதாவது கொத்துக்கறி, என்று பிறகு தெரியவந்த ஒன்றும் சாப்பிட்டிருந்தது. அக்காவின் பரீட்சைக்கு அந்த நாக்கு லாயக்கில்லை. அவன் வாந்தி எடுக்காவிட்டால் அது எதையும் நிரூபிக்காது. இந்த ஒரு விஷயத்திலாவது நேர்மையாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு படுக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கே டாக்சிக்காரன் கீழே வந்து ஹாரன் அடித்தான். பாகீரதி ஈரப் புடவையோடு அடுப்படியில் இருந்தாள். கிட்டு தன் ரெக்கார்டு நோட்டோடு கூடத்துக்கு வந்தான். பஞ்சநதம் குளித்து, பஞ்சகச்சம் கட்டி, நெற்றியில் விபூதியோடு தொட்டியின் முன் நின்றார். மீன் இரண்டையும் வலையில் பிடித்து டின்னில் விட்டாயிற்று. அடுத்தது சாமந்தி. பாறையிலிருந்து கிழிக்காமல் எடுப்பதற்காக நகத்தை அதன் அடியில் மெல்லக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது சட்டென்று சுருங்கி, இலந்தைப்பழம் அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. அவர் கையை எடுத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். விரியட்டும் என்று காத்திருந்தாரா, ஹாரன் நிற்கட்டும் என்றா தெரியவில்லை. மறுபடியும் கையை விட்டார். அது மறுபடியும் சுருங்கியது.

"அவசரப்படாதே, அவசரப்படாதே" என்று அதனிடம் சொன்னார்.

கிட்டு ஜன்னல் பக்கமாகப் போனான். தொட்டியின் பின்பக்கத்திலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிளையைக் கிள்ளினான். அதில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தான். ஒன்றும் ஓடவில்லை. பூதக்கண்ணாடி பாக்கெட்டில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

நறுக்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பாகீரதி நிலைப்படிவரை வந்து, மடி என்பதால் அதற்கு மேல் வராமல் நின்று, அவன் தாடை அசைவதையே பார்த்தாள். பஞ்சநதமும் தண்ணீரில் கை வைத்தபடியே பார்த்தார். கிட்டு மென்றான். உப்பு தூக்கல். அதற்கடியில் வெள்ளரிக்காய் விதைப் பகுதியைப் போல ஒரு குளிர்ச்சி. ஆம்லெட்டின் சாயல் இல்லை. கீமாவின் சாயலும் இல்லை. இதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே நாக்கு இந்த வீட்டில் தன்னுடையதுதான் என்று அப்போது அவனுக்குப் பட்டது. இந்தக் கண்டுபிடிப்பை எந்த விஞ்ஞானச் சங்கத்திலும் வாசித்துக்காட்ட முடியாது.

பாகீரதி அவனுக்கு வாந்தி வருமா என்று காத்திருந்தாள். கீழே ஹாரன் மூன்று தடவை அடித்தது. வரவில்லை.

"என்னடா?"

"காய்தான் அக்கா. இளசு."

"ஏன்னா, அந்த டாக்சிக்காரனுக்கு ஏதாவது குடுத்துப் போகச் சொல்லுங்கோ" என்றாள். "மேல ஒரு வேஷ்டியைப் போட்டு மூடிடுங்கோ. சாமந்திக்கு மூச்சு முட்டாம."

பஞ்சநதம் கையைத் துடைத்துக்கொள்ளாமலே படியிறங்கி ஓடினார். பாதிப் படியில் திரும்பி வந்து முதலில் மீன்களை டின்னிலிருந்து தொட்டியில் விட்டார். பிறகு மறுபடியும் ஓடினார்.

கிட்டு நோட்டைப் பிரித்தான். நிறம், நீளம், கிளைக்கும் விதம், கிடைத்த இடம் என்று அச்சடித்த பத்திகள் இருந்தன. அவற்றின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து இன்னொரு பத்தி கோடு போட்டு, மேலே 'ருசி' என்று எழுதினான். பெயர் என்ற இடத்தில் கஞ்சிப்பாசி என்று தமிழிலேயே எழுதினான். பெயர் சொன்னவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே வழக்கமாக ஏதாவது வெள்ளைக்காரனின் பெயர் வரும். ஷரீஃபுன்னிசா, தாராவி என்று நிரப்பினான்.

ருசிப் பத்தியில் என்ன எழுதுவது என்று யோசித்தான். உப்பு என்று மட்டும் எழுதினால் போதாது என்று பட்டது. கூடத்தில் யாரும் இல்லை. வேஷ்டியின் ஓரத்தைத் தூக்கி, இன்னொரு கிளையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.